ஐன் ஷம்ஸ்: சூரிய நகரத்தில் எஞ்சிய ஒற்றைத் தூண்

எகிப்தின் தலைநகரான கெய்ரோவின் வடகிழக்குப் பகுதியில் மத்தரிய்யா என்றொரு நெருக்கமான குடியிருப்பு இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளுக்கும் கடைத்தெருக்களுக்கும் நடுவே அங்கே ஒரு திறந்தவெளி. அதன் மத்தியில் சிவப்பு கிரானைட் கல்லாலான ஒரு தூண் தனித்து நிற்கிறது. உயரம் 20 மீட்டருக்குச் சற்று அதிகம். எடை ஏறத்தாழ 120 டன். நான்கு பக்கமும் சித்திர எழுத்துகள். ஏறக்குறைய 3,900 ஆண்டுகளுக்கு முன் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டதோ அதே இடத்தில் இன்றும் நிற்கிறது. இவ்வகைத் தூண்களுள் நிறுத்திய இடத்திலேயே நிலைத்திருப்பனவற்றில் இதுவே மிகப் பழமையானது.

இதைச் சுற்றி ஒரு காலத்தில் இருந்தது, எகிப்தில் சூரிய வணக்கத்தின் தலைமைப் பீடம். கிரேக்கர்கள் அந்நகரை 'ஹெலியோபொலிஸ்', அதாவது சூரிய நகரம் என்றார்கள். பழைய எகிப்தியரின் மொழியில் அதன் பெயர் 'இயுனு'; தூண் என்னும் பொருளுடையது. தவ்ராத்தின் வழிவந்த வேதநூல்களில் 'ஓன்' என்று வருகிறது. அரபியர் அதை 'ஐன் ஷம்ஸ்' என்றழைத்தனர். ஷம்ஸ் என்றால் சூரியன். ஐன் என்பதற்குக் கண் என்றும் ஊற்று என்றும் பொருள் கொள்ளலாம்.

பிரமிடுகளைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். ஆனால் பிரமிடு கட்டிய மன்னர்கள் எதை வணங்கினார்கள், அந்த வணக்கத்தின் மையம் எங்கே இருந்தது, அது எப்படி மறைந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. திருக்குர்ஆன் மிஸ்ர் தேசத்தைப் பற்றியும் அதன் ஆட்சியாளர்களைப் பற்றியும் திரும்பத் திரும்ப நம் சிந்தனைக்குத் தருகிறது. சூரியனுக்குச் சிரம் பணிந்த சமூகத்தைப் பற்றியும் பேசுகிறது. ஆகவே இந்த ஒற்றைத் தூணின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

வணக்கத்தின் அடிப்படை

பண்டைய எகிப்தியரின் வாழ்வு இரண்டைச் சார்ந்திருந்தது: ஒன்று நைல் நதி, மற்றொன்று சூரியன். ஆண்டுதோறும் நதி பெருகி வயல்களை மூழ்கடிக்கும். வெள்ளம் வடியும்போது முதலில் ஒரு மண்மேடு தலை தூக்கும். அதில் பசுமை துளிர்க்கும். உலகத் தோற்றத்தையும் அவர்கள் இக்காட்சியைக் கொண்டே கற்பனை செய்தார்கள். ஆதியில் எங்கும் நீர் இருந்தது. அதிலிருந்து ஒரு மேடு எழுந்தது. அம்மேட்டின் மீது ஆத்தும் என்னும் தெய்வம் தானாகத் தோன்றியது என்பது ஹெலியோபொலிஸ் பூசாரிகள் கற்பித்த கதை. அந்த மேட்டின் அடையாளமாக 'பென்பென்' என்னும் புனிதக் கல் ஒன்றைக் கோயிலில் வைத்திருந்தார்கள். கூம்பு வடிவத் தூண்முனையும் பிரமிடின் வடிவமும் அக்கல்லிலிருந்தே பிறந்தன என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

சூரியனுக்கு அவர்கள் ஒரே நாளில் மூன்று பெயர்களைச் சூட்டினார்கள். உதிக்கும் சூரியன் கெப்ரி. உச்சியில் எரியும் சூரியன் ரா. மறையும் சூரியன் ஆத்தும். ஒரே படைப்பின் மூன்று நிலைகள் மூன்று தெய்வ வடிவங்களாயின. பிறகு ஆத்துமிலிருந்து காற்று, ஈரம், பூமி, வானம் என்று பரம்பரை நீண்டு, ஒன்பது தெய்வங்களின் குழுவாக முடிந்தது.

இவ்விடத்தில் நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. அதே மிஸ்ரின் சிறையில் இருந்தபோது, தம் சிறைத் தோழர்களிடம், நீங்கள் வணங்குபவையெல்லாம் நீங்களும் உங்கள் முன்னோரும் சூட்டிக்கொண்ட வெறும் பெயர்களே என்ற கருத்தை அவர்கள் எடுத்துரைத்ததைச் சூரா யூசுஃப் கூறுகிறது. எகிப்தியரின் தெய்வப் பட்டியலைப் பார்த்த பிறகு அவ்வசனத்தை ஓதினால், அச்சொல் அந்த மண்ணுக்கு எவ்வளவு நேராகப் பொருந்துகிறது என்பது விளங்கும். இன்னொன்றையும் கவனிக்கலாம். சிறுவராயிருந்தபோது அவர்கள் கண்ட கனவில் சூரியனும் சந்திரனும் பதினொரு நட்சத்திரங்களும் சிரம் பணிந்தன. அக்கனவு நிறைவேறிய நாடு மிஸ்ர். சூரியனுக்கு மனிதர் சிரம் பணிந்த நாடு!

கோயிலும் அதன் அறிஞர்களும்

பிற்கால எகிப்தியக் கோயில்கள் பெரும்பாலும் உள்ளே செல்லச் செல்ல இருண்டு, கடைசியில் ஒரு சிறு அறையில் சிலை இருக்கும்படி அமைந்தவை. சூரியக் கோயில் இதற்கு நேர்மாறானது. வணங்கப்படுவது வானத்தில் இருப்பதால் கூரையற்ற முற்றமே அதன் மையம். ஹெலியோபொலிஸின் பழைய கட்டடம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கெய்ரோவுக்குத் தெற்கே அபூ குராப் என்னுமிடத்தில், கி.மு. 25ஆம் நூற்றாண்டளவில் நியுசெர்ரே மன்னன் கட்டிய சூரியக் கோயிலின் எச்சங்கள் இருக்கின்றன. திறந்த முற்றத்தின் நடுவே வெண்ணிற அலபாஸ்டர் கற்களாலான பெரிய பலிபீடம். நடுவில் வட்டம், நாற்றிசை நோக்கிக் காணிக்கையைக் குறிக்கும் சின்னங்கள். அதன் பின்னே மேடையும், மேடைமேல் பருத்த தூணும் இருந்தன. ஹெலியோபொலிஸின் மாதிரியைப் பின்பற்றியே இவை கட்டப்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஹெலியோபொலிஸின் தலைமைப் பூசாரிக்கு இருந்த பட்டம் 'பார்ப்பவர்களில் பெரியவர்' என்பதாகும். வானத்தைக் கவனிப்பது அவர்களுடைய தொழிலோடு இணைந்திருந்தது. சக்காராவில் முதல் படிப் பிரமிடை அமைத்தவராக அறியப்படும் இம்ஹொதெப் இந்தப் பட்டத்தைத் தாங்கியவர். முப்பது நாள் கொண்ட 12 மாதங்களும் கூடுதலாக 5 நாள்களும் சேர்ந்த 365 நாள் ஆண்டை எகிப்தியர் கணக்கிட்டிருந்தனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்கு வந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ், எகிப்தியருள் மிகவும் கற்றவர்கள் ஹெலியோபொலிஸ்காரர்களே என்று பெயர் பெற்றிருந்ததைப் பதிவு செய்துள்ளார்.

கல்வியோடு செல்வமும் குவிந்தது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் ராம்சேஸின் கொடைகளைப் பட்டியலிடும் பாப்பிரஸ் சுருள் ஒன்று இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. நீளம் 40 மீட்டருக்கும் மேல். அதன்படி இக்கோயிலுக்கு உரியவர்களாக எழுதப்பட்ட மக்கள் மட்டும் 12,000 பேருக்கு அதிகம். தீப்ஸ் நகரத்து ஆமோன் கோயிலுக்கு அடுத்த பெரும் சொத்து இதனுடையதே.

சூரியனின் மகன் என்ற அரசன்

இவ்வளவு பெரிய அமைப்பு வெறும் பக்தியால் மட்டும் வளரவில்லை. பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் மகன் ஜெதெஃப்ரே காலம் முதல், எகிப்திய மன்னர்கள் 'ராவின் மகன்' என்னும் பட்டத்தைச் சூடத் தொடங்கினார்கள். அதன் பிறகு அரசனைக் கேள்வி கேட்பது சூரியனைக் கேள்வி கேட்பதாகிவிட்டது. மத்தரிய்யாவில் இன்று நிற்கும் தூணை நிறுத்தியவன் முதலாம் செனுஸ்ரெத், கி.மு. 20ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். சூரியனுக்குக் காணிக்கை என்று அவன் சொன்னாலும், தூணின் நான்கு பக்கங்களிலும் செதுக்கப்பட்டிருப்பது அவனுடைய பெயரும் பட்டங்களும் அவன் கொண்டாடிய ஆட்சி விழாவின் செய்தியுமே.

அல்லாஹ் அல்லாததை வணங்கும்போது, அதன் பெயரால் மனிதன் மனிதனுக்கே அடிமையாகிவிடுகிறான் என்பதை இத்தூண் நமக்குக் காட்டுகிறது. தானே மிக உயர்ந்த இறைவன் என்று ஃபிர்அவ்ன் கூறியதாகச் சூரா அந்நாஸிஆத் சொல்லும் செய்தி, இப்படிப்பட்ட நெடிய மரபுள்ள மண்ணில்தான் எழுந்தது.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட அக்னாத்தெனைச் சிலர் 'முதல் ஏகத்துவவாதி' என்று எழுதுவதுண்டு. ஆமோன் முதலான தெய்வங்களை ஒதுக்கி, 'ஆத்தென்' என்னும் சூரிய வட்டத்தை மட்டுமே வணங்க அவன் ஆணையிட்டது உண்மை. இன்று அமர்னா எனப்படும் இடத்தில் புதிய தலைநகரையும் கூரையற்ற பெரிய கோயில்களையும் எழுப்பினான். ஆனால் அவன் வணங்கச் சொன்னது படைத்தவனை அன்று, படைக்கப்பட்ட ஒன்றை. அதுவும் அரசனும் அரசியுமே ஆத்தெனை நேரடியாக வணங்குபவர்களாகச் சித்திரிக்கப்பட்டனர்; மக்கள் அரசன் வழியாகவே அணுக வேண்டியிருந்தது. தெய்வங்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைப்பது மட்டும் தவ்ஹீது ஆகாது. அவன் இறந்த பின் அந்நகரம் கைவிடப்பட்டது. பின்வந்த மன்னர்கள் அக்கோயில்களின் கற்களைப் பெயர்த்துத் தம் கட்டடங்களுக்கு அடியில் புதைத்தார்கள்.

கல் வந்த வழியும் போன வழியும்

இத்தூண்களின் கல் தெற்கெல்லையிலுள்ள அஸ்வானின் பாறைகளிலிருந்து வந்தது. இரும்புக் கருவி இல்லாத காலம். கிரானைட்டைவிடக் கடினமான டோலரைட் உருண்டைகளால் இடித்து இடித்துப் பாறையைச் சுற்றிப் பள்ளம் தோண்டித் தூணைப் பிரித்தெடுத்தார்கள். அஸ்வானில் இடையில் விரிசல் விட்டதால் கைவிடப்பட்ட ஒரு தூண், 42 மீட்டர் நீளத்தில் இன்றும் பாறையோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. ஆயிரம் டன்னுக்கும் அதிக எடை. முடிந்த தூண்களை நைலில் மிதக்கவிட்டு 800 கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுவந்து, கோயில் வாயிலில் இரட்டையாக நிறுத்தினார்கள். காலையின் முதல் கதிர் பட்டுச் சுடர்விடும்படி அவற்றின் முனைகளில் பொன்னும் வெள்ளியும் கலந்த தகடு போர்த்தப்படுவதுண்டு. அந்தப் பளபளப்புக்குப் பின்னே எத்தனை தொழிலாளர்களின் எலும்புகள் தேய்ந்தன என்பதைத் தூணில் எவரும் எழுதவில்லை.

அத்தனை தூண்களும் எங்கே போயின?

கி.மு. 525இல் பாரசீக மன்னன் காம்பைசஸ் எகிப்தைக் கைப்பற்றினான். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, நகரம் ஆளற்றுக் கிடந்ததை எழுதி, அழிவுக்கு அம்மன்னனையே காரணமாகச் சொல்கிறார். பூசாரிகள் வாழ்ந்த பெரிய வீடுகளும், பிளேட்டோ தங்கிக் கற்றதாகச் சொல்லப்பட்ட இடமும் அவருக்குக் காட்டப்பட்டன. கற்பிக்க யாரும் எஞ்சியிருக்கவில்லை.

அடுத்து வந்தது உரோமப் பேரரசு. எகிப்தை வென்ற அகஸ்டஸ் கி.மு. 10ஆம் ஆண்டில் ஹெலியோபொலிஸிலிருந்து இரு தூண்களைக் கடல் கடந்து உரோமுக்குக் கொண்டுசென்றான். எகிப்து உரோம மக்களின் ஆட்சிக்குள் வந்ததன் நினைவாகச் சூரியனுக்கு அளிக்கப்பட்ட காணிக்கை என்று அடிப்பீடங்களில் பொறித்தான். அவற்றுள் ஒன்று நிழல்காட்டியாகப் பயன்பட்டது. இன்று இத்தாலிய நாடாளுமன்றக் கீழவையின் முன்னே நிற்கிறது. மற்றொன்றை 1589இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் நகரின் ஒரு சதுக்கத்தில் நிறுத்தி, உச்சியில் சிலுவையை வைத்தார். ஃபிர்அவ்ன்களின் பெருமை, சீஸரின் பெருமை, போப்பின் பெருமை என ஒரே கல் மூன்று எசமானர்களுக்குச் சாட்சி சொன்னது.

மூன்றாம் துத்மோஸ் நிறுத்திய இன்னொரு சோடியை அகஸ்டஸின் காலத்தில் அலெக்சாந்திரியாவுக்கு மாற்றினார்கள். 'கிளியோபாத்ராவின் ஊசிகள்' என்று பிற்காலத்தார் பெயரிட்ட அவற்றுக்கும் அந்த அரசிக்கும் தொடர்பில்லை. அவை அங்கே நிறுத்தப்படுமுன்பே அவள் இறந்துவிட்டாள். ஒன்று 1878இல் இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலும், மற்றொன்று 1881இல் நியூயார்க் நகரப் பூங்காவிலும் நிறுத்தப்பட்டன. இலண்டன் தூணை ஏற்றி வந்த மிதவை 1877 அக்டோபரில் பிஸ்கே விரிகுடாவில் புயலில் சிக்கியது. காப்பாற்றச் சென்ற ஆறு மாலுமிகள் உயிரிழந்தனர்.

முஸ்லிம்கள் கண்ட ஐன் ஷம்ஸ்

பண்டைய கோயில்களை அழித்தவர்கள் முஸ்லிம்களே என்று பொதுவாகப் பேசப்படுவதுண்டு. ஹெலியோபொலிஸைப் பொறுத்தவரை காலவரிசையே பதில் சொல்கிறது. கி.பி. 640ஆம் ஆண்டில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற படை பைசாந்தியரை எதிர்கொண்ட புகழ்பெற்ற போர் இந்த ஐன் ஷம்ஸில்தான் நிகழ்ந்தது. அப்போது ஸ்ட்ராபோ பாழாகக் கண்ட காலத்திலிருந்து அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன. வெற்றிக்குப் பின் அவர்கள் ஃபுஸ்தாத் நகரையும் ஒரு பள்ளிவாசலையும் எழுப்பினார்கள். செனுஸ்ரெத்தின் தூண் நின்ற இடத்திலேயே நின்றது.

அதே வேளை, நேர்மை மறுபக்கத்தையும் சொல்லச் சொல்கிறது. பின்னாளைய கெய்ரோவின் மதில்களிலும் கட்டடங்களிலும் ஃபிர்அவ்ன்கள் காலத்துக் கற்கள் மறுபயன்பாடு பெற்றிருப்பதை இன்றும் காணலாம்; அருகிலிருந்த ஐன் ஷம்ஸும் அதற்கு இரையானது. புதையல் தேடியவர்கள் பலர் பழம்பெரும் இடங்களைக் குடைந்தார்கள். சலாஹுத்தீன் அய்யூபியின் மகன் அல்மலிக்குல் அஸீஸ் கி.பி. 1196ஆம் ஆண்டளவில் கீஸாவின் மூன்றாம் பிரமிடை இடிக்க ஆணையிட்டான். வேலையாட்கள் எட்டு மாதம் உழைத்தும் ஒரு பக்கத்தில் வடு ஏற்படுத்தியதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலவில்லை.

இச்செய்தியை எழுதி, அச்செயலைக் குறை கூறியவரும் ஒரு முஸ்லிம் அறிஞரே. பக்தாதில் 1162இல் பிறந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி எகிப்தில் வாழ்ந்து, அந்நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஐன் ஷம்ஸைப் பாழடைந்த சிறு நகரமாகக் கண்ட அவர், 'ஃபிர்அவ்னின் ஊசிகள்' என்று மக்கள் அழைத்த இரு தூண்களை அளந்து விவரிக்கிறார். ஒன்று விழுந்து இரண்டாக உடைந்து கிடந்தது; அதன் முனையிலிருந்த செம்புக் கவசம் எடுக்கப்பட்டுவிட்டது. மற்றதன் கவசத்திலிருந்து செம்பின் பச்சை வழிந்து கல்லில் படிந்திருந்தது. இத்தகைய சின்னங்களைப் பாதுகாப்பதில் என்ன பயன் என்ற கேள்விக்கும் அவர் விடை தருகிறார். அவை காலக்கணக்கைச் சொல்கின்றன. சென்ற சமூகங்களைப் பற்றி வேதங்கள் கூறுவதற்குச் சாட்சியாகின்றன. முன்னோரின் அறிவையும் நிலையையும் காட்டுகின்றன. பார்ப்பவனுக்குப் படிப்பினையாகின்றன என்பது அவருடைய கருத்தின் சுருக்கம்.

பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. பார்ப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தால்தானே அந்த அழைப்பை ஏற்க முடியும்? வணக்கத்தை மறுப்பது வேறு, வரலாற்றை அழிப்பது வேறு என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகப் பிரித்தறிந்தவர்கள் நம்மில் இருந்திருக்கிறார்கள்.

அதே சூரியன், வேறொரு பார்வை

நாமும் நாள்தோறும் சூரியனைக் கவனிக்கும் சமூகம்தான். உச்சி சாய்ந்தால் லுஹர், நிழல் நீண்டால் அஸர், மறைந்தால் மஃரிப். இதற்காகவே பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் நேரக்கணிப்பாளர்கள் இருந்தார்கள். கி.பி. 1009இல் மறைந்த இப்னு யூனுஸ் என்னும் வானியல் அறிஞர் அதே கெய்ரோவில் வாழ்ந்தார். அவருடைய பெயரால் வழங்கிய நேரக்கணக்கு அட்டவணைகள் அந்நகரில் பல நூற்றாண்டுகள் பயன்பட்டன. ஹெலியோபொலிஸின் பூசாரியும் கெய்ரோவின் முவக்கித்தும் ஒரே வானத்தையே பார்த்தார்கள். முன்னவர் அதில் எசமானனைக் கண்டார். பின்னவர் கட்டளைக்குக் கீழ்ப்படியும் படைப்பைக் கண்டார்.

இவ்வேறுபாட்டை நம் தொழுகையே பாதுகாக்கிறது. சூரியன் உதிக்கும் வேளை, உச்சியில் நிற்கும் வேளை, மறையும் வேளை ஆகிய மூன்றிலும் தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சூரியனை வணங்குவோர் அதற்குச் சிரம் பணியும் நேரத்தோடு நம் வணக்கம் ஒத்துப்போகக் கூடாது என்ற காரணமும் ஹதீஸ்களில் வந்துள்ளது. விவரங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டறியலாம். கெப்ரி, ரா, ஆத்தும் என்று எகிப்தியர் பெயரிட்ட நிலைகளும் இவைதாம். மூன்று வேளைகளையும் சேர்த்துச் சொல்லும் அந்த ஹதீஸை ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிக்கும் நபித்தோழர் உக்பா இப்னு ஆமிர் (ரலி). அவர்களே பின்னாளில் எகிப்தின் ஆளுநராக இருந்தார்கள், எகிப்திலேயே மறைந்தார்கள்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். ஒரு ஃபிர்அவ்னாக இருந்தால் அதைக் கல்லில் செதுக்கியிருப்பான். நபியவர்களோ, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணம் கொள்வதில்லை என்று அறிவித்து, மக்களைத் தொழுகையின் பக்கம் திருப்பினார்கள். மகனை இழந்த துயரத்தின் நடுவிலும் தம் குடும்பத்துக்குச் சூரியனோடு உறவு கற்பிக்க இடம் தரவில்லை.

இன்றும் மண்ணுக்கடியில்

மத்தரிய்யாவின் வீடுகளுக்குக் கீழே இன்னும் பல எச்சங்கள் புதைந்திருக்கின்றன. எகிப்திய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2012 முதல் அங்கே கூட்டாக அகழ்ந்து வருகிறார்கள். 2017 மார்ச்சில் நிலத்தடி நீரும் சேறும் நிறைந்த குழியிலிருந்து ஒரு மாபெரும் சிலையின் துண்டுகள் வெளிவந்தன. முதலில் இரண்டாம் ராம்சேஸ் என்று உலகமே செய்தி வெளியிட்டது. பிறகு எழுத்துகளைப் படித்தபோது, கி.மு. 7ஆம் நூற்றாண்டு மன்னன் முதலாம் சாம்திக்குக்கு உரியது என்று தெரிந்தது. தம் பெயர் நிலைக்க வேண்டுமென்று மலையளவு கல்லில் செதுக்கியவரை, எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே அடையாளம் காண முடிகிறது.

சூரியனின் மக்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அவர்களுடைய கற்களை நான்கு நாடுகள் பங்கிட்டுக்கொண்டன. சூரியன் மட்டும் யாருடைய கோயிலையும் எதிர்பாராமல், தன்னைப் படைத்தவன் வகுத்த பாதையில் இன்று காலையும் உதித்தது. நம் பிள்ளைகள் பாடநூலில் எகிப்தைப் படிக்கும்போது அம்மக்களின் உழைப்பையும் கணக்கறிவையும் மதிக்கக் கற்பிப்போம். அந்த அறிவு எந்த இடத்தில் வழி தவறியது என்பதையும் அதனுடன் சேர்த்துச் சொல்வோம். பார்க்கும் கண்ணோடு படிப்பினை பெறும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.